எங்கள் ஆட்களையும் வரையுங்கள்

கொழும்பு 13
17.10.2024

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் நீண்டகால வாசகன் எழுதுகிறேன்.

கடந்த ஞாயிறு காலை எங்கள் தெருமுனைச் சலூனில் முடிவெட்டக் காத்திருந்தேன். உங்கள் பத்திரிகைதான் அங்கே கைமாறிக்கொண்டிருந்தது. தலையங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கேலிச்சித்திரம். ஒரு வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரையில், ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுனக் கட்சிச் சின்னமான தாமரை மொட்டு வாடிச் சாய்ந்து கிடக்கிறது. வாசலில் வெள்ளைக் கொடிகள். கீழே "மலர் வீட்டில் இருக்கிறது" என்று ஒரு வரி. நாலு பேர் பார்த்தோம், ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. "மொட்டுக்காரர் கனபேர் இந்த முறை தேர்தல் கேட்கவில்லை, அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்றார் ஒருவர். "அதுக்கு ஏன் வெள்ளைக் கொடி?" என்றார் மற்றவர். தாடி மழிக்க உட்கார்ந்திருந்த சிங்கள முச்சக்கரவண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "ஆ, மல கெதர!" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம்தான் எங்களுக்கு விளங்கியது. சிங்களத்தில் மல என்றால் பூ. அதே உச்சரிப்பில் இன்னொரு மல இருக்கிறது, அதற்குச் செத்தது என்று பொருள். மல கெதர என்றால் செத்த வீடு.

நல்ல படம். அதை வரைந்தவர் கெட்டிக்காரர். ஆனால் அது சிங்கள வாசகருக்கு வரைந்த படம். அதன் சிரிப்பு அந்த மொழியின் நாக்கில் இருக்கிறது. அதை எடுத்துத் தமிழில் ஒரு வரி எழுதிப் போட்டால், எங்களுக்குக் கிடைப்பது சாய்மனைக் கதிரையும் வாடிய பூவும் மட்டும்தான். மொழிபெயர்த்தவரை நான் குறை சொல்ல வரவில்லை. யார் செய்தாலும் அது அப்படித்தான் வரும்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நான் கேலிச்சித்திரங்களைக் கையால் தொட்டு வாழ்ந்தவன். 1968இல், பதினெட்டு வயதில், மருதானையில் ஒரு ப்ளொக் பட்டறையில் சேர்ந்தேன். பத்திரிகைகளுக்கும் அச்சகங்களுக்கும் சிங்க் ப்ளொக் செய்து கொடுப்பது எங்கள் வேலை. இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். ஓவியர் வெள்ளை அட்டையில் இந்தியன் இங்கால் வரைந்த படம் எங்களிடம் வரும். அதைப் பெரிய கமராவில் நெகட்டிவ் எடுப்போம். மருந்து பூசிய துத்தநாகத் தகட்டின் மேல் அந்த நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டுவோம். கோடு விழுந்த இடம் இறுகும், மற்ற இடம் கழுவுப்படும். பிறகு தகடு நைட்ரிக் எசிட் தொட்டிக்குள் போகும். கோடில்லாத இடத்தை எசிட் தின்னத் தின்னக் கோடு மேலே எழும்பி நிற்கும். ஆனால் எசிட் பக்கவாட்டிலும் தின்னும். விட்டால் கோட்டின் அடியையே அரித்துவிடும். அதற்காக ஒவ்வொரு முறையும் தகட்டை வெளியே எடுத்து, 'டிராகன்ஸ் பிளட்' என்ற சிவப்புத் தூளை நாலு பக்கமும் தூரிகையால் தள்ளி, சூடுகாட்டி உருக்கிக் கோட்டின் ஓரங்களைக் காப்போம். மூன்று நாலு தரம் இப்படிச் செய்தபின் தகட்டை மரக்கட்டையில் அடித்து ஈய எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மாலை நாலு மணிக்கு வந்த படம் இரவு எட்டு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். புகை மூக்கை எரிக்கும்.

ஒரு படத்தின் ஒவ்வொரு கோட்டையும் நாலு மணித்தியாலம் காத்தவனுக்கு அதில் எந்தக் கோடு தேவை, எது தேவையில்லை என்று தெரிந்துவிடும். மூக்கை நாலு கோட்டில் வரைகிறவர் உண்டு, ஒரே கோட்டில் முடிக்கிறவர் உண்டு. ஒரே கோட்டில் முடிப்பவர்தான் அந்த மனிதரை நன்றாகப் பார்த்தவர்.

தேர்தல் காலம் வந்தால் வேலை இரட்டிப்பாகும். இந்த நாட்டில் சின்னங்கள் இருப்பது ஓவியர்களுக்குப் பெரிய வரம். முகமே வரையத் தேவையில்லை. யானை, கை, மணி, சைக்கிள், வீடு, சூரியன். 1982 டிசெம்பர் சர்வசன வாக்கெடுப்பில், தேர்தல் இல்லாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்கலாம் என்பவருக்கு விளக்கு, வேண்டாம் என்பவருக்குக் குடம். அந்த இரண்டு மாதமும் நான் செதுக்கிய விளக்குகளுக்கும் குடங்களுக்கும் கணக்கில்லை. எண்ணெய் வற்றிய விளக்கு, வெளிச்சத்தைத் தானே மறைக்கும் விளக்கு, ஓட்டைக் குடம், தாகத்தில் நிற்பவன் தலைக்கு மேலே எட்டாமல் தொங்கும் குடம். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்தப் படங்கள் விளங்கின, ஏனென்றால் புள்ளடி போடப்போகும் சின்னமும் படத்தில் இருந்த சின்னமும் ஒன்று.

எனக்கு வேலை பழக்கிய சிங்கள பாஸ் தன் பெட்டியில் ஒரு பழைய படத்தை மடித்து வைத்திருந்தார். 1956 தேர்தலில் பிக்குகள் முன்னணி வெளியிட்ட 'மாற யுத்தய', அதாவது மாரனின் போர், என்ற படம். ஐக்கிய தேசியக் கட்சியின் அப்போதைய பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, கட்சிச் சின்னமான யானைமேல் ஏறி, புத்தர் சிலையை நோக்கி ஈட்டியை நீட்டிக்கொண்டு வருகிறார். பின்னால் கூட்டம் ஆடிப்பாடி வருகிறது. அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு எட்டே எட்டு ஆசனம்தான் கிடைத்தது. படத்தால் மட்டும் வந்த தோல்வி இல்லை அது. ஆனால் பாஸ் அந்தத் தாளை விரிக்கும்போதெல்லாம், "இதை மறக்காதே, ஒரு தாள் இது, ஒரே ஒரு தாள்" என்பார்.

சரி, இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து உங்கள் கேலிச்சித்திரங்களை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வருகிறேன். ஜனாதிபதித் தேர்தல் சின்னங்களில் அநுரவின் திசைகாட்டி இருக்கிறது, சஜித்தின் டெலிபோன் இருக்கிறது, ரணிலின் காஸ் சிலிண்டர் நிறைய இருக்கிறது. 2022 காஸ் தட்டுப்பாட்டில் சங்கிலி போட்டுப் பூட்டி வரிசையில் வைத்த சிலிண்டர்களை யார் மறப்பார், அதைச் சின்னமாகக் கண்டதும் ஓவியர்கள் கை சும்மா இருக்குமா. முப்பத்தொன்பது பேர் பெயரோடு இருபத்தேழு அங்குல நீளத்தில் வந்த வாக்குச்சீட்டை ஒருவர் சேலையாக உடுத்திக் காட்டியிருந்தார், அது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இவ்வளவு படத்தில் தமிழ் அரசியல்வாதி ஒருவரின் முகம் வந்தது இரண்டே இரண்டில். இரண்டிலும் அவர் தெற்கத்தித் தலைவர் ஒருவரின் பின்னால் சின்னதாக நிற்கிறார்.

எங்களிடம் வரைய ஒன்றுமில்லையா? கடந்த மாத ஜனாதிபதித் தேர்தலில் அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். அவர் இருந்த, வீட்டைச் சின்னமாகக் கொண்ட தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. ஒரே வீட்டுக்குள் ஒருவர் சங்கு ஊத, மற்றவர் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். இதைவிட ஆயத்தமாக ஒரு படம் யாருக்குக் கிடைக்கும்? சங்குக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. இப்போது பொதுத் தேர்தலில் அதே சங்கை ஒரு கூட்டணி தன் சின்னமாக எடுத்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக நின்ற சின்னத்தை ஒரு தரப்பு எப்படி எடுக்கலாம் என்று வாக்குவாதம். போன 11ஆம் திகதி வேட்புமனு முடிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் எத்தனை என்று பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இங்கே கொழும்பில் எங்கள் வட்டாரச் சுவர்களில் விருப்பு இலக்கங்களோடு தமிழ் முகங்கள் வரப்போகின்றன. ஐந்து வருடமாக எங்கள் வடிகான் அடைத்துக் கிடந்தபோது காணாத முகங்களும் அதில் இருக்கும். இவை எல்லாம் உங்கள் செய்திப் பக்கத்தில் வருகின்றன, அரசியல் கட்டுரையில் முழுப்பக்கத்துக்கு வருகின்றன. படத்தில் மட்டும் வரவில்லை.

ஒரு காலத்தில் வந்தது. சிவஞானசுந்தரம் ஐயா 'சுந்தர்' என்ற பெயரில் வரைந்த சவாரித்தம்பர் என்ற பாத்திரத்தை என் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். அறுபதுகளில் அவர் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கியதும் இந்தக் கொழும்பில்தான். அவர் வேறு யாரையும் தேடிப் போகவில்லை. எங்கள் பேச்சு, எங்கள் சீதனம், எங்கள் உத்தியோகப் பெருமை, கொழும்பு வந்ததும் ஆங்கிலம் பேசத் தொடங்கும் மிஸிஸ் டாமோடிரன். எங்களைத்தான் வரைந்தார். நாங்கள் கோபிக்கவில்லை, இதழ் வரும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் அறையில் ஆறு பேர் இருந்தோம், ஒரே பிரதி ஆறு கைக்குப் போய் ஏழாவது கையில் கிழிந்துவிடும்.

இதை நான் சொல்லும்போது நண்பர்கள் ஒரு மறுப்புச் சொல்கிறார்கள். அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். "நாங்களே சின்னச் சனம். எங்கள் தலைவர்களை எங்கள் பேப்பரே கேலி செய்தால், மற்றவன் அதை வெட்டி எடுத்து எங்கள் எல்லோரையும் கேலி செய்வான்." இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

1983 மார்ச்சில் ஒரு சிங்கள வார இதழுக்காக ஒரு படம் பட்டறைக்கு வந்தது. நெற்றியில் பட்டையாகத் திருநீறு, கொழுத்த விரல்களில் மோதிரங்கள், அந்த விரல்களால் இலங்கைப் படத்தைப் பிடித்துப் பிழிந்துகொண்டிருக்கும் ஒரு மனிதன். பெயர் இல்லை. கட்சி இல்லை. பாஸ் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ தொடாதே, நான் செய்கிறேன்" என்றார். எனக்கு ரோசம் வந்தது. என்னால் தாங்க முடியாது என்று அவர் நினைக்கக் கூடாதென்று நானே செய்தேன். நாலு தரம் எசிட்டில் போட்டு, நாலு தரம் சிவப்புத் தூள் பூசி, ஒரு கோடு பழுதாகாமல் செய்து கொடுத்தேன். அந்த நெற்றி என் அப்பாவின் நெற்றி. ஜூலைக் கலவரத்தில் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தபோது என் கண்ணுக்கு முன்னால் நின்றது அந்தத் தகடுதான். அதைச் செய்திருக்கக் கூடாது. பாஸ் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, இருவரும் சேர்ந்து முடியாதென்று முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். நாற்பத்தொரு வருடமாக அது என் மனதில் கிடக்கிறது.

அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன், நான் கேட்பது அந்த மாதிரிப் படம் அல்ல. அந்தப் படத்தில் இருந்தவனுக்கு முகவரி இல்லை. யாருடைய கதவையும் தட்டி, "நீ செய்தது இது" என்று அவனைக் கேட்க முடியாது. ஆகவே தமிழர் எல்லோருடைய கதவையும் அது தட்டியது. ஒரு பாராளுமன்ற உறுப்பினரைப் பெயரோடும் பதவியோடும் வரைந்து, அவர் போன வருடம் சொன்னதையும் இந்த வருடம் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது முற்றிலும் வேறு வேலை. அது எங்கள் சனத்தைச் சிறுமைப்படுத்தாது. வாக்குப் போடும் எங்களைப் புத்தியுள்ள ஆட்களாக மதிக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். எங்கள் ஆட்களை நாங்கள் வரையாவிட்டால் அவர்களை வேறு யாரும் வரையாமல் இருக்கப் போவதும் இல்லை. வரைகிறவருக்கு எங்கள் ஊர் தெரியாது, பேச்சு தெரியாது, ஆகவே மறுபடியும் அந்தத் திருநீற்று நெற்றிதான் வரும்.

இன்னொரு பயமும் இருக்கிறது, அது உயிர்ப் பயம். பிரகீத் எக்னலிகொட கேலிச்சித்திரம் வரைந்தார், கட்டுரையும் எழுதினார். 2010 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகப் புறப்பட்டவர் வீடு சேரவில்லை. ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டே நாள் இருந்தது. அதற்கு முந்தின வருடமும் அவரைக் கடத்திக் கொண்டுபோய்ப் பிறகு விட்டிருந்தார்கள். அவரது மனைவி சந்தியா இத்தனை வருடமாக நீதிமன்றம், ஜெனீவா என்று அலைகிறார். 2022இல் அவர் எங்கள் பக்கத்து முகத்துவாரம் காளி கோயிலுக்கு வந்து தலைமுடியை மழித்துக்கொண்டார். சிங்களப் பெண், எங்கள் காளியிடம் நீதி கேட்டு வந்தார். அந்தக் கோயிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

இப்போது ஆட்சி மாறியிருக்கிறது, அப்படி ஒன்றும் நடக்காது என்கிறார்கள். நடக்கக் கூடாது என்றுதான் நானும் வேண்டுகிறேன். ஆனால் 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டம், அதாவது குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சட்டம், அப்படியே இருக்கிறது, போன வருடம் மேடையில் பகிடி சொன்ன ஒரு பெண்ணை அந்தச் சட்டத்தில்தான் பிடித்தார்கள். இந்த வருடம் இணையப் பதிவுகளுக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. தனியாக வீட்டிலிருந்து வரைந்து பேஸ்புக்கில் போடும் பிள்ளைக்குப் பின்னால் யாரும் இல்லை. பத்திரிகையில் வரைபவருக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் இருக்கிறார். 1987இல் தமிழ்நாட்டில் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காகச் சட்டசபை மூன்று மாதச் சிறைத்தண்டனை கொடுத்தபோது, உள்ளே போனவர் ஆசிரியர் பாலசுப்பிரமணியன். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றுதான் போனார். ஊரெல்லாம் எதிர்த்ததால் ஓரிரு நாளில் விட்டுவிட்டார்கள். ஐயா, நீங்கள் சிறைக்குப் போக வேண்டுமென்று நான் கேட்கவில்லை. வரைகிறவருக்கு முன்னால் நிற்கும் இடம் உங்களுடையது என்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

இவ்வளவும் எழுதக் காரணம் எங்கள் தொடர்மாடியில் மேல்மாடியில் இருக்கும் ஒரு பிள்ளை. உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறாள். ஒரு மாதமாகப் பின்னேரங்களில் என் கொப்பியைப் பார்க்க வருவாள். பழைய ப்ளொக் இரண்டு என்னிடம் இருக்கின்றன, அவற்றைத் தடவித் தடவிப் பார்ப்பாள். சலூனில் நடந்ததை அவளிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போனாள். புதன் இரவு ஒரு படத்தோடு வந்தாள். ஒரு சின்ன வீடு. உள்ளே ஏழெட்டுப் பேர், ஆளுக்கு ஒரு சங்கு, எல்லோரும் கன்னம் வீங்க ஊதுகிறார்கள். வாசலில் ஒரு கிழவி கையில் வாக்குச்சீட்டோடு, இரண்டு காதையும் பொத்த முடியாமல் ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டு நிற்கிறாள். முகங்கள் யார் யாரென்று நான் இங்கே எழுதத் தேவையில்லை, பார்த்தால் தெரியும். ஒருவருடைய மூக்கை ஒரே கோட்டில் முடித்திருக்கிறாள்.

அவளுடைய அம்மா என்னிடம் வந்து, "அங்கிள், அனுப்புறதெண்டா அனுப்புங்கோ, ஆனா பிள்ளையின்ர பேர் போடவேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டார். அந்தத் தாயிடம் பயப்படாதீர்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. நீங்கள்தான் ஒரு வழி செய்ய வேண்டும். பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர் கொடுங்கள், கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

தேர்தலுக்கு இன்னும் நாலு கிழமை இருக்கிறது. தலையங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சதுரத்தை இந்த நாலு கிழமைக்கு, கிழமையில் இரண்டு நாளாவது, தமிழில் யோசித்து வரைகிற ஒருவருக்குக் கொடுங்கள். இந்தப் பிள்ளைக்குத்தான் என்றில்லை. மட்டக்களப்பில், ஹட்டனில், யாழ்ப்பாணத்தில் வரையக்கூடியவர்கள் இருப்பார்கள், ஓர் அறிவித்தல் போட்டால் வருவார்கள். ஒரு படத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். சும்மா வாங்காதீர்கள். எங்கள் காலத்தில் ப்ளொக்குக்குச் சதுர அங்குலக் கணக்கில் கூலி கிடைத்தது, அந்தப் படத்தை யோசித்த ஓவியருக்கு சில இடங்களில் ஒரு தேத்தண்ணிதான்.

படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மடியாமல், பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். போட்டாலும் போடாவிட்டாலும் அசலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். முத்திரை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. அவளிடம் வேறு பிரதி இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ப்ளொக் தொழிலாளி,
கொட்டாஞ்சேனை